திருமணப் பத்திரிகை கேட்ட வழக்கறிஞர்: மனை வாங்குமுன் ஆவணம் பார்த்துத் தரும் சேவை குறித்து

செங்கல்பட்டை அடுத்த ஒரு கிராமத்தில் அரை கிரவுண்டு மனை ஒன்றை, அதாவது 1,200 சதுர அடியை, 28 லட்சம் ரூபாய்க்குக் கடந்த ஆண்டு பேசி முடித்தேன். அதன் ஆவணங்களைப் படித்துப் பார்த்துச் சட்டக் கருத்துரை எழுதித் தரும்படி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கொடுத்தேன். பேச்சில் இதை ‘லீகல் பார்ப்பது’ என்பார்கள். அந்தச் சேவை எப்படி இருந்தது, கொடுத்த பணத்துக்குத் தகுமா, எங்கெங்கே குறை வைத்தார்கள் என்பதையே இங்கு எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே வேலையைச் செய்கிறவர்கள் எல்லாச் சார்பதிவாளர் அலுவலகங்களைச் சுற்றிலும் இருக்கிறார்கள் என்பதால், பெயரைவிட அவர்கள் வேலை செய்த முறை வாசிப்பவருக்குப் பயன்படும்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகள். மூத்த பெண் வழக்கறிஞர் ஒருவர், அவருக்கு உதவியாக இரண்டு இளையவர்கள், நாற்பது ஆண்டுகளாகப் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் குமாஸ்தா ஒருவர். கருத்துரைக்கு 7,500 ரூபாய் கட்டணம். சான்றிட்ட நகல்களுக்கான அரசுக் கட்டணமும் அலைச்சல் செலவும் தனி. அந்த வகையில் எனக்கு மேலும் 2,400 ரூபாய் ஆயிற்று. பத்து நாளில் தருவதாகச் சொன்னார்கள். ‘முன்பணம் கொடுத்துவிட்டீர்களா?’ என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. ஐம்பதாயிரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா என்னைப் பார்த்தார். ஒப்பந்தம் ஏதும் எழுதாமல், தரகர் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டை மட்டும் நம்பிக் கொடுத்த பணம் அது.

ஆவணங்களை நானே ஓரளவு பார்த்துவிட்டேன் என்ற நினைப்பு அப்போது எனக்கு இருந்தது. பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்க விவரங்களைக் கட்டணமில்லாமல் பார்க்க முடிகிறது. பட்டா, சிட்டா, நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படம் ஆகியவற்றை வருவாய்த்துறையின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இவை உண்மையிலேயே நல்ல வசதிகள். முன்பு ஒரு வில்லங்கச் சான்றுக்கு மனுப்போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பட்டா விற்பவர் பெயரில் இருந்தது; வில்லங்கத்தில் அடமானம் எதுவும் இல்லை. வேறென்ன வேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் மாடிப்படி ஏறினேன். வங்கிக் கடனுக்கு எப்படியும் ஒரு கருத்துரை தேவைப்படும், அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வோம் என்பதற்கு மேல் எனக்குப் பெரிய நோக்கம் எதுவும் இருக்கவில்லை.

அந்த நினைப்பு எவ்வளவு அரைகுறையானது என்பதை இளைய வழக்கறிஞர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில் ஏறிய நடவடிக்கைகளின் பட்டியல் மட்டுமே. உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் பதிவாகின்றன. உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ‘பவர்’ எனப்படும் பழைய பொது அதிகாரப் பத்திரங்கள் பல 4-ஆம் புத்தகத்தில் கிடக்கின்றன. நிலுவையிலுள்ள வழக்குகள், வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினைகள், கணக்கில் வராமல் விடப்பட்ட வாரிசுகள் ஆகியவற்றை அந்தப் பட்டியலில் எதிர்பார்க்க முடியாது. மேலும், நாம் எந்தப் புல எண்ணைக் கொடுத்துத் தேடுகிறோமோ அந்த எண்ணுக்கான விவரமே வரும். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல கிராமங்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறின. என் மனைக்கும் அப்படி ஒரு பழைய எண் இருந்தது. அந்த எண்ணில் அவர்கள் தேடியபோதுதான் நான் பார்த்திராத இரண்டு பதிவுகள் வெளிவந்தன. பட்டாவோ வருவாய்த்துறையின் பதிவு. நிலத்துக்கு யார் பேரில் கணக்கு இருக்கிறது என்பதற்கு நல்ல சான்றாகுமே ஒழிய, உரிமையை அதுவாக உண்டாக்கித் தராது.

பத்திரம் பதிவாகிவிட்டால் அரசே சரிபார்த்துவிட்டதாக நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. எழுதிக் கொடுப்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையல்ல என்பதை, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைச் செல்லாது என்று அறிவித்த 2025 ஏப்ரல் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆக, முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியுமாக 7 விழுக்காடு, பதிவுக் கட்டணமாக 2 விழுக்காடு, என் கணக்கில் சுமார் இரண்டரை லட்சம் ரூபாய், கட்டிய பிறகும் உரிமை உண்டா என்ற கேள்வி வாங்குபவரின் தலையிலேயே நிற்கிறது. இந்த அலுவலகத்துக்குப் போனதால் எனக்குக் கிடைத்த முதல் தெளிவு அது.

இனி அவர்கள் செய்த வேலைக்கு வருகிறேன். நிலத்தின் கதை இதுதான். 1958-இல் அண்ணன் தம்பிகளுக்குள் நடந்த பாகப்பிரிவினையில் அந்தப் பூர்வீக நிலம் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டது. 1996-இல் அவர் தம் இரு மகன்களோடு சேர்ந்து மறுபடியும் பாகம் பிரித்துப் பதிவு செய்தார். இரண்டாவது மகன் தம் பங்கை 2009-இல் இப்போது எனக்கு விற்க வந்தவருக்குக் கிரயம் செய்து கொடுத்தார். விற்பவர் எனக்குக் காட்டிய கட்டில் 1996-ஆம் ஆண்டுப் பத்திரமும் 2009-ஆம் ஆண்டுக் கிரயமும் மட்டுமே இருந்தன. அவற்றுக்கு மூலமான தாய்ப்பத்திரத்தின், அதாவது 1958-ஆம் ஆண்டு ஆவணத்தின் சான்றிட்ட நகலை அலுவலகமே மனுப்போட்டு வாங்கியது. கூடவே, 2011-இல் இறந்துபோன அந்தத் தந்தையின் வாரிசுச் சான்றையும் கேட்டார்கள். ‘அவர் பங்கு வேறு, இந்த மனை வேறு, அந்தச் சான்று இதற்கு எதற்கு?’ என்று தரகர் எரிச்சல்பட்டார். நானும் மனத்துக்குள் தரகர் பக்கம்தான் நின்றேன்.

சான்று வந்தது. அதில் மகன்கள் இருவருடைய பெயருக்குக் கீழே மகள்கள் இருவருடைய பெயர்கள் இருந்தன. 1996-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூத்த வழக்கறிஞர் இரண்டு தாள்களையும் மேசைமேல் அருகருகே வைத்து, பத்திரத்தில் ‘நமக்குப் பூர்வீகமாய்ப் பாத்தியப்பட்டு’ என்ற சொற்றொடரின் அடியில் பென்சிலால் கோடிட்டார். பிறகு என்னிடம், ‘அந்த இரண்டு பெண்களுக்கும் எப்போது கல்யாணம் ஆயிற்று என்று தெரியவேண்டும் சார். முடிந்தால் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவாருங்கள்’ என்றார்.

மனை வாங்கப்போன இடத்தில் யாரோ ஒரு குடும்பத்தின் திருமணப் பத்திரிகையைத் தேடவேண்டியிருக்கிறதே என்று முதலில் சிரிப்பாக இருந்தது. காரணத்தைக் கேட்டதும் சிரிப்பு அடங்கியது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளில் திருமணமாகாதிருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு. அதற்கு முன்பே திருமணமாகிவிட்டவருக்கும், அதற்கு முன்பே முடிந்துபோன பாகப்பிரிவினைக்கும் அது பொருந்தாது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் திருமணம் என்ற இந்த வேறுபாட்டையே நீக்கிவிட்டது. அத்திருத்தத்தின்படி மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்கவேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை அந்தத் திருத்தம் கலைப்பதில்லை. எனவே 1996-ஆம் ஆண்டுப் பத்திரம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திடமிருந்து தப்பித்துவிடுகிறது; 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திடமிருந்து தப்புமா என்பது அந்தப் பெண்களின் திருமண நாளைப் பொறுத்தது. 28 லட்ச ரூபாய் கடைசியில் ஒரு முகூர்த்தத் தேதியில் போய் நின்றது.

விற்பவர் சங்கடப்பட்டாலும் தடுக்கவில்லை. தரகருடன் அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி, பழைய ரேஷன் அட்டைகளுக்கும் மின்சார வாரிய ரசீதுகளுக்கும் நடுவிலிருந்து இரண்டு பத்திரிகைகளை எடுத்துக் கொடுத்தார். நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பாகிப் போயிருந்தது. பெரியவளுடைய பத்திரிகையில் ஆங்கிலத் தேதி இருந்த ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. ‘அட்சய வருடம் வைகாசி மாதம்’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. குமாஸ்தா அதைப் பார்த்த மாத்திரத்தில், விரல் விட்டுக்கூட எண்ணாமல், ‘எண்பத்தாறு’ என்றார். சின்னவளுடையது பிரஜோற்பத்தி வருடம் ஆவணி மாதம். ஆங்கிலத் தேதியும் தெளிவாக இருந்தது, 1991. ஆக, பெரியவளால் சிக்கல் இல்லை. சின்னவளுக்குப் பங்கு இருந்தது. அவரைக் கேட்காமலே பாகம் பிரித்திருந்தார்கள்.

கருத்துரை ஒன்பது பக்கம். அதன் முடிவுப் பகுதி நேர்மையாக எழுதப்பட்டிருந்தது என்பதை இங்கே குறிப்பிட்டாகவேண்டும். இளைய மகளிடமிருந்து, தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து வாங்கவேண்டும், அல்லது கிரயப் பத்திரத்தில் அவரும் சேர்ந்து கையெழுத்திடவேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் வாங்குவதைத் தாம் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாக இருந்தது. நேரில் கேட்டபோது, ‘அந்தப் பெண் வழக்குப் போட்டால் ஜெயிப்பார் என்று நான் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு சும்மா இருந்தார் என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஆனால் அந்த வாதம் நடக்கிற காலம் முழுக்க நீங்கள் அங்கே வீடு கட்டமுடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்’ என்றார். பயமுறுத்தி வேலை வாங்குகிற குரலும் அதில் இல்லை, ‘ஒன்றும் ஆகாது’ என்று தட்டிக் கொடுக்கிற குரலும் இல்லை. இந்தச் சேவைக்கு நான் மதிப்பெண் போடுவதென்றால் பெரும்பகுதி இந்த ஒரு பதிலுக்கே போகும்.

தரகரோ, ‘இதெல்லாம் பார்த்தா ஊர்ல ஒரு மனையும் வாங்க முடியாது சார்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த இளைய மகளிடம் பேசிப் பார்ப்பதாக விற்பவர் சொல்லி இரண்டு மாதம் ஓடியது. அண்ணன்மார்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் அவர் என்று பிறகு தெரியவந்தது. நான் விலகிக்கொண்டேன். முன்பணத்தில் நாற்பதாயிரம் திரும்பி வந்தது, பத்தாயிரம் வரவில்லை. அந்தப் பத்தாயிரத்தை வழக்கறிஞர் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கிறவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அது நான் வரிசையை மாற்றிச் செய்ததற்கான செலவு. அலுவலகத்தின் கணக்கில் அதை எழுதுவது நியாயமல்ல.

இங்கே வங்கிக் கருத்துரை பற்றிச் சொல்லவேண்டும். பலர் இந்தச் சேவையை நாடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். ‘வங்கியே லீகல் பார்த்துக் கடன் கொடுத்துவிட்டது, அப்புறம் என்ன?’ என்பார்கள். வங்கியின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை. பொதுவாக முப்பது ஆண்டு வில்லங்கம் கேட்பார்கள். சொத்தின் மதிப்பில் ஒரு பகுதிக்குத்தான் கடன் தருவார்கள். சொத்து கைவிட்டுப் போனாலும் உங்கள் சம்பளத்திலிருந்து தவணை தொடரும். அந்தக் கருத்துரையின் பிரதி பெரும்பாலும் நம் கைக்கு வருவதுமில்லை. நமக்காகப் படித்து, நமக்கு விளக்கிச் சொல்கிறவர் வேறு ஒருவராக இருக்கவேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான். விற்பவரோ தரகரோ ‘நம்ம வக்கீல்’ என்று கைகாட்டுகிறவரிடம் போவதைவிடப் போகாமலே இருந்துவிடலாம்.

சில மாதங்களுக்குப் பிறகு இன்னொரு மனைக்காக இதே அலுவலகத்துக்குப் போனேன். இம்முறை முன்பணம் கொடுக்காமல் போனேன் என்பதைக் குமாஸ்தா கவனித்துத் தலையசைத்தார். இது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு. ஒப்புதல் வரைபடமும், சாலைகளை ஊராட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரமும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இருந்தன. ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், அதன் பின் 2016 அக்டோபர் 20-ஐக் கெடுவாக வைத்து, ஒப்புதல் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்ததும் மனை வாங்குவோர் அறிந்தவையே. அதனால் இப்போது விளம்பரங்களில் ‘அப்ரூவ்டு’ என்ற சொல் இல்லாமல் ஒரு பலகையும் இல்லை. ஒப்புதல் என்பது மனைப்பிரிவின் அமைப்புக்குத் தரப்படுவது. நிலத்தின் உரிமைக்கு அது உத்தரவாதமாகாது என்று கருத்துரையின் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தார்கள். இந்த மனையில் உரிமைத் தொடர் சுத்தமாக இருந்தது. பொது அதிகாரம் பெற்ற முகவர்தான் விற்கிறார் என்பதால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றைப் பதிவு நாளுக்கு முப்பது நாளுக்குள் வாங்கச் சொன்னார்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. வாங்கிக்கொண்டேன், மனையும் வாங்கியாயிற்று.

குறைகளுக்கு வருகிறேன், அவை சிறியன அல்ல. முதலாவது, இரண்டு கருத்துரைகளும் ஆங்கிலத்தில் இருந்தன. 1958-ஆம் ஆண்டின் தமிழ்ப் பத்திரத்தைப் படித்து, தமிழ் மட்டும் தெரிந்த குடும்பங்களுக்காக எழுதும் ஒரு கருத்துரை ஏன் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. வங்கிக்கு வேண்டும் என்றார்கள். என்னிடம் பணம் வாங்கியவர்கள் எனக்கு ஒரு பக்கச் சுருக்கமாவது தமிழில் தந்திருக்கலாம். வாய்மொழியாக அழகாக விளக்குகிறவர்கள்தாம், எழுத்தில் மட்டும் கைவிட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது குறை இன்னும் தீவிரமானது. இரண்டாம் கருத்துரையில் புல எண்ணின் உட்பிரிவு ஓரிடத்தில் 4அ என்றும் மற்றோரிடத்தில் 4ஆ என்றும் தட்டச்சாகியிருந்தது. இரவு உட்கார்ந்து பட்டாவோடு ஒப்பிட்டுப் படித்ததால் கண்ணில் பட்டது. சொன்னவுடன் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக் கொடுத்தார்கள். ஆயினும், ஒற்றை எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று எனக்குப் பாடம் எடுத்த இடத்திலேயே அது நடந்தது கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. பழைய கருத்துரையின் படிவத்தின்மேலேயே புதியதைத் தட்டச்சு செய்கிறார்கள் என்பது என் ஊகம்.

மூன்றாவது, இவர்களுடைய வேலை தாளோடு நின்றுவிடுகிறது. இடத்தை வந்து பார்ப்பதில்லை; அது தங்கள் வேலையல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். நான்கெல்லையில் ‘கிழக்கே 23 அடிச் சாலை’ என்று இருந்தால், அங்கே நிற்கும்போது அது சாலையாக இருக்கிறதா, யாருடைய மாட்டுக்கொட்டகையாவது அதில் இருக்கிறதா என்று பார்க்க நீங்கள்தான் போகவேண்டும். நில அளவையரைத் தனியாக அழைத்துப் புலப்படத்தின் மீட்டர் கணக்கை அடியாக்கி அளந்து பார்த்தோம். நீதிமன்ற வழக்குத் தேடலும், வங்கிகளின் அடமானங்களைப் பதிந்து வைக்கும் மத்தியப் பதிவகத்தில் செய்யவேண்டிய தேடலும் அவர்களுடைய வழக்கமான பட்டியலில் இல்லை. நான் கேட்ட பிறகு செய்தார்கள். பின்னதற்கு ஆகும் கட்டணம் மிகச் சொற்பம். கேட்காமலே செய்திருக்கவேண்டிய வேலைகள் இவை.

காலக்கெடு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: பத்து நாள் என்றது முதல் முறை பதினேழு நாள் ஆயிற்று, இரண்டாம் முறை பன்னிரண்டு. பழைய நகல் வரத் தாமதம் என்றார்கள். அது நம்பக்கூடிய காரணமே. தொலைபேசியை எடுப்பதில்லை என்பதற்கு மட்டும் காரணம் எதுவும் சொல்லவில்லை.

விற்பவர் நெருங்கிய உறவினராக இருக்கும்போது இந்தச் சேவையை நாடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மைத்துனரிடம் மனை வாங்குகிறாராம், லீகல் பார்த்தால் அவர் தவறாக நினைத்துக்கொள்வாரோ என்று தயக்கம். 1996-ஆம் ஆண்டுப் பத்திரத்தைப் படித்தவன் என்ற முறையில் அவரை நானே கூட்டிக்கொண்டுபோய் அந்த மாடியில் விட்டேன். கடன் வாங்குவதால் வங்கி கேட்கிறது என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டார். அந்த அளவு பொய்க்கு இடம் கொடுக்கலாம்.

போகிறவர்கள் தங்களிடம் உள்ள பிரதிகளோடு, விற்பவரின் குடும்பத்தில் யார் யார் எப்போது பிறந்தார்கள், எப்போது இறந்தார்கள், யாருக்கு எப்போது திருமணமாயிற்று என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. முதல் அமர்விலேயே பாதி வேலை நடந்துவிடும். கட்டணத்தை இரண்டு பகுதியாகக் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். காலை பத்தரைக்குமேல் போனால் உட்காரவைத்துப் பேசுவார்கள். முகூர்த்த நாளில் மட்டும் போகாதீர்கள். அன்று பதிவுக்கு வந்த கூட்டம் சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலைத் தாண்டித் தெருவரை நிற்கும்; வழக்கறிஞர், இளையவர்கள், குமாஸ்தா எல்லோரும் கீழே அந்தக் கூட்டத்துக்குள் இருப்பார்கள், மாடி அறை பூட்டிக் கிடக்கும்.